சென்னைக்கு 30 கிலோ, மதுரைக்கு 15 கிலோ: இது என்ன கணக்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். மகள் கல்யாணத்துக்குப் புடவை, பாத்திரம், விளக்கு எடுக்கவும், அப்படியே மதுரை, பழனி போய்வரவும் நாங்கள் நாலு பேர் மொரீசியஸிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னை போனோம். ஆளுக்கு 30 கிலோ என்று டிக்கெட்டில் இருந்தது. சென்னையில் நாலு நாள் தங்கிக் கடை கடையாக ஏறி இறங்கினோம். பிறகு மதுரைக்கு உள்நாட்டு விமானம் ஏறப் போனால், ஆளுக்கு 15 கிலோதான் என்றார்கள். எங்களிடம் மொத்தம் 94 கிலோ இருந்தது. மிச்ச எடைக்கு வாங்கிய பணத்தில் இன்னொரு ஆள் மதுரைக்குப் போய்வந்திருக்கலாம். டர்பனில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவும் வேறொரு விமானத்தில் அதே வளைகுடா வழியாகத்தான் சென்னை வந்தார். அவருக்கு மட்டும் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ! ஊர் திரும்பும்போது எங்கள் பெரிய பெட்டி 36 கிலோ காட்டியது. நாலு பேருக்கும் சேர்த்து 120 கிலோவுக்குள்தான் இருந்தோம். ஆனாலும் அந்தப் பெட்டியை எடுக்க மாட்டோம் என்று சொல்லித் தரையிலேயே பிரிக்க வைத்தார்கள். கோயிலுக்கென்று வாங்கிய சூடத்தையும் எடுத்துவிட்டார்கள். வருகிற ஆகஸ்டில் மகன் படிப்புக்காகப் பாரிஸ் வழியாகக் கனடா போகிறான். இன்னொரு முறை அப்படி நிற்க எனக்குத் தெம்பில்லை. ஊருக்கு ஒரு சட்டமா ஐயா?
– ரோஸ் ஹில் வாசகி

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கவுண்டருக்கு முன்னால் பெட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை இத்தனை வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். கல்யாணப் புடவையைப் பெட்டி மூடிமேல் வைப்பார்கள். இட்லிப் பானையைக் கணவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆசை ஆசையாக வாங்கிய சாமான் அத்தனை பேர் கண்ணிலும் படும்போது வரும் கூச்சம் பணம் கட்டுவதைவிட வலிக்கும். உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. இதையெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், ஊருக்கு ஒரு சட்டம்தான். இன்னும் சரியாகச் சொன்னால் டிக்கெட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சட்டம். “அந்தக் கம்பெனி 30 கிலோ கொடுக்கிறது” என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படி ஒரு அளவு எந்தக் கம்பெனியிடமும் கிடையாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன கட்டணத்தில், எந்த டிக்கெட்டோடு சேர்த்து எடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் அளவு வரும்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் டிக்கெட் சின்னப் புத்தகம்போல இருக்கும். பின்பக்கம் சிவப்புக் கார்பன், தொட்டால் விரலில் ஒட்டும். ஒவ்வொரு பயண வரியின் கடைசியிலும் ‘அலவ்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் ‘20கே’ என்று எழுதுவோம். 2008 ஜூனோடு அந்தத் தாள் டிக்கெட் போய்விட்டது. ஆனால் அந்தக் கட்டம் இன்னும் போகவில்லை. உங்களுக்கு மின்னஞ்சலில் வரும் இ-டிக்கெட்டில் ஒவ்வொரு விமான எண்ணுக்கும் எதிரே ‘பேகேஜ்’ என்று ஒரு இடம் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘கே’ இருந்தால் அது கிலோ. ‘1பிசி’, ‘2பிசி’ என்றிருந்தால் அத்தனை பெட்டி. ‘நில்’ அல்லது ‘0பிசி’ என்றிருந்தால் கைப்பையைத் தவிர எதுவுமே கிடையாது. டிக்கெட் கைக்கு வந்ததும் நம்மவர்கள் தேதி பார்ப்பார்கள், நேரம் பார்ப்பார்கள், பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தைப் பார்ப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. நாலு விமானம் மாறிப் போகிற பயணம் என்றால் நாலு வரியையும் பார்க்க வேண்டும். முதல் வரியில் இருப்பதே நாலாவது வரியிலும் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது.

இப்போது உங்கள் அக்காவின் இரண்டு பெட்டிக்கு வருகிறேன். உலகத்தில் விமான லக்கேஜைக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு. ஒன்று எடைக் கணக்கு. இத்தனை கிலோ என்று மொத்தமாகக் கொடுப்பார்கள், அதைப் பெரும்பாலும் எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். ஆதியில் எல்லா ஊருக்கும் இதுதான். சாதாரண வகுப்புக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்று வைத்திருந்தார்கள். இன்னொன்று பெட்டிக் கணக்கு. 1970களில் அமெரிக்கப் பயணங்களில் இது வந்தது. அங்கே பெட்டியை எண்ணுவார்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு உச்ச எடை வைப்பார்கள். சாதாரண வகுப்பில் அது பெரும்பாலும் 23 கிலோ. 23 என்பது என்ன விநோதமான எண் என்று பலர் கேட்பார்கள். அமெரிக்கக் கணக்கில் 50 பவுண்டு, அவ்வளவுதான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் அந்த ஊர் 62 அங்குலம்தான்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இன்றும் பெட்டிக் கணக்கே. ஆசியாவிலும் வளைகுடாவிலும் எடைக் கணக்கு இன்னும் நிறைய இருக்கிறது. வளைகுடா விமான நிறுவனங்கள் சில இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆப்பிரிக்கக் கண்டத்து ஊர்களுக்குப் பெட்டிக் கணக்கு, இந்தியாவுக்கு எடைக் கணக்கு. அக்காவின் பயணம் டர்பனில் தொடங்கியது, சென்னைவரைக்கும் ஒரே டிக்கெட். அதனால் தொடங்கிய இடத்துப் பெட்டிக் கணக்கே சென்னைவரை கூட வந்தது. அவரே வளைகுடாவில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் அந்த 46 கிலோ அவருக்கும் கிடைத்திருக்காது.

பெட்டிக் கணக்கு என்றாலே நமக்கு லாபம் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு கெடுபிடி உண்டு. ஒரு பெட்டி 27 கிலோ, மற்றது 19 கிலோ என்று வையுங்கள். கூட்டினால் 46, சரிதான். ஆனாலும் 27 கிலோ பெட்டிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், ஏனென்றால் அங்கே கூட்டல் கணக்கே கிடையாது. ‘1பிசி’ என்றிருந்தால் 11 கிலோவில் இரண்டு சிறு பெட்டி கொண்டுபோகவும் முடியாது. இரண்டாவது எத்தனை லேசாக இருந்தாலும் இரண்டாவதுதான். எடைக் கணக்கில் ஒரே முன்பதிவில் போகும் குடும்பத்தினர் ஒருவருடைய மிச்சத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியும். வீட்டுக்காரரிடம் 22, உங்களிடம் 38 என்றாலும், அது மூன்று நாலு பெட்டியில் பிரிந்திருந்தால் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் நாலு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் கவுண்டருக்குப் போக வேண்டும். ஒருவர் முன்னால் போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டால் அவருடைய மிச்சம் அவரோடு போய்விடும்.

ஏன் இப்படி வழிக்கு வழி மாற்றி வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், அது முழு உண்மை ஆகாது. விமானத்தின் வயிற்றில் நம் பெட்டிகள் மட்டும் போவதில்லை. நம் பிளெசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்கு ஏறும் விமானத்தின் அடியில் நம் ஊர் மீனும் அன்னாசியும் போகும். நவம்பர், டிசம்பரில் லிச்சிப் பழம் பெட்டி பெட்டியாக ஏறும். அந்தச் சரக்குக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வருமானம் உண்டு. பயணிக்கு இலவசமாக விடும் ஒவ்வொரு கிலோவும் அதிலிருந்து கழிகிறது. சரக்கு குறைவான வழியில் தாராளமாகக் கொடுப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வழி என்றால், 30 கிலோ கொடுக்காவிட்டால் எதிர்க் கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள் என்று தெரியும், அங்கேயும் கொடுப்பார்கள். விமானத்தின் அளவும் உண்டு. ரொட்ரிக்ஸ், ரெயூனியன் தீவுகளுக்குப் பறக்கும் விசிறி வைத்த ஏடிஆர் விமானத்தில் எழுபது பேர் ஏறினாலே பின்பக்க லக்கேஜ் அறையில் இடம் நெருக்கடி. ஜோகனஸ்பர்க் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. வெயில் நாளில் நீண்ட தூரத்துக்குக் கிளம்பும் விமானம் அதே சுமையோடு எழும்புவது சிரமம், எதையாவது குறைத்தாக வேண்டும். இத்தனையையும் பார்த்துத்தான் வழிக்கு வழி ஒரு எண் போடுகிறார்கள்.

இதற்கு மேல் கட்டண வகை. முன்பெல்லாம் டிக்கெட் என்றால் பெட்டியும் அதில் அடக்கம். 2008இல் அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் முதல் பெட்டிக்கே பணம் வாங்கத் தொடங்கின. அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் பரவியது. இன்று ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு 30 கிலோ இருக்கும், மற்றவருக்கு ஒன்றுமே இருக்காது. ‘லைட்’ என்ற பெயரில் மலிவாக ஒரு கட்டணம் கண்ணில் பட்டால், அது பெட்டி இல்லாத விலையா என்று முதலில் கேளுங்கள். கல்யாணச் சாமான் வாங்கப் போகிறவருக்கு அந்த மலிவு டிக்கெட் கடைசியில் விலை அதிகமாகிவிடும்.

மதுரை விஷயம்தான் உங்களை அதிகம் அழவைத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து கோயில் பயணம் போகும் பாதிப் பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் சாதாரணக் கட்டணத்துக்கு 15 கிலோ என்பதுதான் பொதுவான அளவு. நீங்கள் மதுரை டிக்கெட்டைத் தனியாக எடுத்திருக்கிறீர்கள். அந்த உள்நாட்டுக் கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் மயிலாப்பூரிலிருந்து மதுரைக்குப் போகிறவர்களைப் போலத்தான். மொரீசியஸிலிருந்து 30 கிலோவோடு வந்தீர்கள் என்பது அவர்கள் கணினியில் எங்குமே இல்லை.

மதுரைவரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால்? அங்கேதான் ஒரு நுணுக்கம். இரண்டு மூன்று கம்பெனி விமானங்கள் ஒரே டிக்கெட்டில் சேரும்போது யாருடைய சட்டம் என்ற சண்டையைத் தீர்க்க, ஐயாட்டா என்கிற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2011இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. உலகத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்கள் ஒன்று. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு மூன்றும் சேர்ந்து இரண்டு. ஆசியாவும் பசிபிக்கும் மூன்று. ஒரு வட்டாரத்தைத் தாண்டி அடுத்த வட்டாரத்துக்குள் முதலில் கொண்டுபோகும் விமானம் யாருடையதோ, அவர் சட்டம்தான் அந்தப் பயணத்துக்கு. மொரீசியஸும் வளைகுடாவும் ஒரே வட்டாரம். வளைகுடாவிலிருந்து சென்னைக்குப் பறக்கும்போதுதான் வட்டாரம் மாறுகிறது. ஆகவே அந்த விமானத்தின் 30 கிலோ மதுரைவரை தொடரும். சென்னையில் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதனால் அளவு குறையாது.

ஆனால் நீங்கள் சென்னையில் நாலு நாள் தங்கியிருக்கிறீர்கள். அந்த முறைப்படி பெட்டியைப் போட்ட இடத்திலிருந்து நீங்கள் அதை எடுக்கும் இடம்வரைதான் ஒரு கணக்கு. இடையில் இறங்கித் தங்கிவிட்டால் அதற்குப் பிறகு வருவது புதுக் கணக்கு. அப்படிப்பட்ட பயணத்தில் ஒரே டிக்கெட் இருந்தும் சென்னை–மதுரை வரியில் ‘15கே’ என்று வந்துவிடலாம். இதைத் தெரிந்த ஏஜென்ட் உங்கள் பயணத்தைத் திருப்பிப் போட்டிருப்பார். முதலில் நேராக மதுரை. மீனாட்சியம்மன், பழனி, சாமி தரிசனம் எல்லாம் முடித்துக்கொண்டு, காலிப் பெட்டியோடு சென்னைக்கு வந்து, கடைசி நாலு நாள் கடைக்குப் போய், அங்கிருந்தே ஊருக்கு விமானம். வாங்கிய சாமான் உள்நாட்டு விமானத்தில் ஏறவே ஏறாது. வரிசையை மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில். இரவில் பாண்டியன் எக்ஸ்பிரஸ், பகலில் வைகை. ரயிலில் தூங்கும் வகுப்புக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசிக்கு 50 கிலோ, முதல் வகுப்பு ஏசிக்கு 70 கிலோ இலவசம். உங்கள் 94 கிலோவை நாலு பேர் மூன்றடுக்கு ஏசியிலேயே நிம்மதியாகக் கொண்டுபோயிருக்கலாம். பண்டிகை நாட்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், இங்கிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

அந்த 36 கிலோ பெட்டி. இங்கே நான் கவுண்டர்காரர் பக்கம்தான் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் 120 கிலோ பாக்கி இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. உலகம் முழுக்க ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் இந்த உச்சம் உண்டு, பணம் கட்டினாலும் மாறாது. அந்தப் பெட்டியை இயந்திரம் தூக்குவதில்லை, மனிதர்கள் தூக்குகிறார்கள். சிறிய ஜெட் விமானங்கள் பலவற்றில் லக்கேஜ் அறை இடுப்பு உயரம்தான் இருக்கும். உள்ளே ஆள் முழங்காலில் நின்றுகொண்டு, பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பெட்டியையும் உடம்பைத் திருப்பித் திருப்பி உள்ளே அடுக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு நூறு, நூற்றைம்பது பெட்டி. இந்த வேலையில் முதுகு போனவர்களை நான் அறிவேன். நாற்பது வயதில் சொந்தப் பிள்ளையைத் தூக்க முடியாமல் ஆனவர்கள். 32 கிலோவுக்கு மேல் கூடாது என்ற வரியில் மட்டும் யாரும் பேரம் பேசக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு நடுத்தரப் பெட்டியாகக் கொண்டுபோங்கள். பெரிய பெட்டி வாங்கினால் அதில் இடம் இருக்கிறதே என்று அடைக்கத்தான் தோன்றும்.

காலிப் பெட்டியின் எடையையும் மறக்க வேண்டாம். கெட்டியான மூடி வைத்த பெரிய பெட்டி காலியாகவே 5 கிலோ வரும். 23இல் 5 போனால் சாமானுக்கு 18தான். கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். இங்கே கிளம்பும்போது பார்ப்பது பெரிய விஷயமில்லை, அங்கே லாட்ஜ் அறையில் திரும்பக் கட்டும்போதுதான் அது வேண்டும்.

சூடத்துக்கு வருகிறேன். அதை எடுத்தது எடைக்காக இல்லை. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்று விமானப் பாதுகாப்பு விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெட்டியிலும் வைக்கக்கூடாது, கைப்பையிலும் வைக்கக்கூடாது. கொப்பரைத் தேங்காயும் அப்படியே. அதிலிருக்கும் எண்ணெயால் மூட்டைக்குள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. காவடி நேரத்தில் போய்வருகிறவர்களிடம் இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். விபூதி, குங்குமம், சாமி துணி, மணி, திருநீற்றுத் தட்டு எல்லாம் தாராளமாகக் கொண்டுவாருங்கள். சூடத்தை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். துளசிச் செடி, வெற்றிலைக் கொடி, விதை என்று எதையாவது பாசத்தோடு ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தால் பிளெசான்ஸில் பிடித்துவைத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே வேளாண் துறை அனுமதி இல்லாமல் செடிகொடி உள்ளே வராது. இங்குள்ள கரும்புக்கும் தோட்டத்துக்கும் அயல்நாட்டுப் பூச்சி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அது.

விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. நல்ல பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி ஒன்று வாங்கினாலே பெட்டியில் பாதி எடை போய்விடும். அதைத் திருகிக் கழற்றி, தண்டுகளைப் புடவைக்குள் சுற்றி, அடிப்பீடத்தை இன்னொருவர் பெட்டியில் போடுங்கள். கோயிலுக்கென்று ஐம்பொன் சிலை வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடம் புதிதாக வார்த்த சிலைதான் என்பதற்கான ரசீதும், தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவருவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் சிலை அங்கேயே நின்றுவிடும்.

இனி உங்கள் மகன். கனடாவுக்குப் பெட்டிக் கணக்கு என்று சொன்னேன். பாரிஸ்வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறு கம்பெனி என்றாலும், கனடாவுக்குப் போகும் பயணம் ஒரே டிக்கெட்டாக இருந்தால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே லக்கேஜ் சட்டம்தான் பொருந்த வேண்டும் என்பது கனடா அரசின் விதி. அமெரிக்காவிலும் இப்படியே. இது பயணிக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் ‘ஒரே டிக்கெட்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாரிஸுக்கு ஒன்று, பாரிஸிலிருந்து ஒன்று என்று இரண்டு மலிவு டிக்கெட் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பாரிஸில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டும் போச்சு. பிள்ளை முதன்முறையாகத் தனியாகப் போகிறான். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கூடினாலும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

சாதாரணக் கட்டணத்தில் பெரும்பாலும் ஒரு பெட்டிதான் இருக்கும். சில கம்பெனிகள் மாணவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்து இரண்டாவது பெட்டியைச் சேர்த்துக் கொடுக்கின்றன. அதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்க வேண்டும், எடுத்தபின் கேட்டுப் பயனில்லை. கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏஜென்டிடம் போங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டாவது பெட்டியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. பெட்டிக் கணக்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்க மாட்டார்கள், பெட்டிக்கு ஒரே விலை. ஆகவே பணம் கட்டிய பெட்டியை அரைகுறையாக அனுப்பாதீர்கள், 22½ கிலோவரை நிரப்புங்கள். அந்த அரைக் கிலோ நம் தராசுக்கும் அவர்கள் தராசுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. பெட்டி வாங்கும்போது கடையிலேயே அளவு நாடாவால் சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து அளந்து பாருங்கள். 76, 50, 30 என்றால் 156, சரி. நாலு சென்டிமீட்டர் கூடினால் பெரிய பெட்டி என்று தனிக் கட்டணம் கேட்க இடம் உண்டு.

கனமான குளிர்க்கோட்டு வாங்கிப் பெட்டியை அடைக்க வேண்டாம். நமக்கு ஆகஸ்ட் குளிர்காலம், கனடாவில் அப்போது கோடை. அவன் இறங்கும்போது சட்டையோடு நடக்கலாம். அந்த ஊர்க் குளிருக்கு ஏற்ற கோட்டு அந்த ஊரில்தான் கிடைக்கும். அந்த இடத்தில் குக்கரையும், நீங்கள் அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியையும் வையுங்கள். பொடியைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள், இரண்டு உறை போட்டுக் கட்டி, மேலே என்னவென்று எழுதி ஒட்டுங்கள். இறங்கும்போது சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றே சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால்தான் அபராதம். பவர் பேங்கும் உதிரி பேட்டரியும் கைப்பையில் மட்டும். படிப்பு அனுமதிக் கடிதம், சான்றிதழ்கள், இரண்டு நாள் மாற்றுத் துணி ஆகியவையும் கைப்பையில். பெட்டி ஒரு நாள் பின்னால் வந்தாலும் பிள்ளை தவிக்க மாட்டான். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும் முன் லக்கேஜ் கவுண்டரில் புகார் எண் வாங்கிவிட வேண்டும். உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்து அதனால் செலவு ஆகியிருந்தால், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் பெட்டிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடக்கூடாது என்று அவனிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

ஏஜென்ட் பயணத்திட்டம் போட்டுக் கொடுத்ததும், பணம் கட்டும் முன், அந்தத் தாளின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். பேகேஜ் கட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.